பெண்களுக்கு மாரடைப்பு: நர்ஸ்களுக்கான ஒரு மணி நேர வகுப்பில் எதைச் சொல்வது?

சித்தூர்_சிஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலுக்காவில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் வேலை. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு ‘இதய நோயில் ஆண் பெண் வேறுபாடு’ என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் மலையாளம், மீதி நம்ம ஆட்கள். நோயாளிகளைப் பார்த்தால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம்.

இணையத்தில் கிடைக்கிற ஸ்லைடுகள் எல்லாம் ஒரே அச்சு. இடப்பக்கம் ஓர் ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலப்பக்கம் ஒரு பெண், அவருக்குத் தாடை வலி, முதுகு வலி, வாந்தி, சோர்வு. இதை மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா? எனக்கு எங்கேயோ இடிக்கிறது. ஐசியூ, காஷுவாலிட்டி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குப்பத்துக்காரன்

எந்தச் சித்தூர் சிஸ்டர்? எங்க ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து ஓடி வந்தேன்.

சித்தூர்_சிஸ்டர்

பாலக்காட்டுச் சித்தூர். வந்ததுதான் வந்தீர்கள், உட்காருங்கள்.

சிசியூ_நைட்டூட்டி

கோவையில் இதயப் பிரிவில் இருக்கிறேன். உங்களுக்கு இடித்தது சரியான இடத்தில்தான் இடித்திருக்கிறது. அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு வருகிற புது நர்ஸ் என்ன செய்கிறாள் தெரியுமா? பெண் நெஞ்சு வலி என்று வந்தால், ‘பெண்களுக்கு இப்படி வராதே’ என்று யோசிக்கிறாள். அதைவிட ஆபத்து வேறு இல்லை.

மாரடைப்பு வந்த ஆண், பெண் இரண்டு பேரிலும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது நெஞ்சு வலிதான், அல்லது நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல். அமெரிக்காவில் 55 வயதும் அதற்குக் கீழும் உள்ள மாரடைப்பு நோயாளிகளை ‘விர்கோ’ என்ற ஆய்வில் கேட்டுப் பார்த்தார்கள். 2018இல் அதன் முடிவு வந்தது. பெண்களில் 87 சதவீதம், ஆண்களில் 89.5 சதவீதம் பேர் நெஞ்சில் ஏதோ ஒன்று இருந்ததாகச் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெண்களுக்குக் கூடுதலாக வேறு அறிகுறிகளும் சேர்ந்து வருகின்றன, அது உண்மை. மூச்சு முட்டல், குமட்டல், தாடை வலி, படபடப்பு. ஆனால் அதே ஆய்வில் என்னை உலுக்கிய எண் வேறு. அட்மிட் ஆவதற்கு முன்பே இதே தொந்தரவுக்காக மருத்துவரைப் பார்த்தவர்களில், ‘இது இதயப் பிரச்சினை என்று அவர் நினைக்கவில்லை’ என்று சொன்ன பெண்கள் 53 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம்.

அதாவது பெண் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் காதில் அது வேறாக விழுந்திருக்கிறது. வகுப்பை அங்கே தொடங்குங்கள்.

எஸ்டேட்_நர்ஸ்_மூணாறு

மேலே சொன்னதற்கு எங்கள் மலையிலிருந்து ஓர் உதாரணம். எங்களிடம் வருகிற பெண்கள் தேயிலை பறிக்கிறவர்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். தோள்பட்டை வலி இல்லாத ஒரு பெண்ணையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் வலி. யாருடையது இதய வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘நெஞ்சு வலிக்குதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘அடைக்குதா, கனமா இருக்கா, பிசையுதா?’ என்று கேட்டால் ‘ஆமா சிஸ்டர், கல்லத் தூக்கி வச்ச மாதிரி’ என்பார்கள். வலி என்றால் அவர்களுக்குக் குத்துகிற வலிதான்.

அப்புறம் இன்னொன்று கேட்பேன்: மேடு ஏறும்போது வருதா, நின்றால் குறையுதா? பறிக்கிற கையைத் தூக்கும்போது வலித்தால் அது தோள் மூட்டு. லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளிலிருந்து, சாலைக்கு ஏறும்போது தோளும் தாடையும் சேர்ந்து இறுக்கி, உட்கார்ந்தால் விட்டால், நான் ஒருவரையும் கேட்காமல் இசிஜி எடுத்துவிடுவேன். இத்தனை வயதுக்கு மேல்தான் எடுப்பேன் என்ற கணக்கெல்லாம் வைத்துக்கொள்வதில்லை.

இந்தக் கேள்வியும் எல்லாரையும் பிடித்துவிடாது. உட்கார்ந்திருக்கும்போதே வருகிற வலியும் உண்டு, அதுதான் இன்னும் மோசமானது. சந்தேகம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான்.

சும்மா_படிக்கிறவன்

நான் மருத்துவத் துறை இல்லை, மீனாட்சிபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். எங்க அம்மாவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். மேல்வயிறு எரிகிறது, வாந்தி வருகிறது என்று ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கேஸ் என்று ஊசி போட்டு, ஜெலுசில் கொடுத்து அனுப்பினார்கள். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னோம். ராத்திரி வியர்த்துக் கொட்டிய பிறகு கோவைக்கு ஓடினோம், அங்கே போய்த்தான் மாரடைப்பு என்றார்கள். பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தின் பம்ப் பலம் குறைந்துவிட்டது.

அந்தக் கிளினிக்கில் இருந்த நர்ஸ் பெண்ணின் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. டாக்டர் சொன்ன பிறகு அவர் என்ன செய்ய முடியும்? வகுப்பு எடுத்தாலும் அதிகாரம் இல்லையென்றால் என்ன பயன்?

சிசியூ_நைட்டூட்டி

தம்பி, இந்த இழையில் யாரும் இதுவரை கேட்காத கேள்வி இதுதான்.

நெஞ்சு வலியோ அதைப் போன்ற தொந்தரவோ என்று யார் வந்தாலும் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும், இது உலகம் முழுக்க உள்ள வழிகாட்டுதல். அதற்கு டாக்டரின் ஆர்டர் வரட்டும் என்று நர்ஸ் காத்திருக்கக் கூடாது. ‘இன்னின்ன தொந்தரவு என்றால் நர்ஸே இசிஜி எடுக்கலாம்’ என்று நிர்வாகம் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டால் சண்டையே இல்லை. சிஸ்டர், வகுப்புக்கு முன்னால் உங்கள் மருத்துவமனையில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

சர்க்கரை உள்ள பெண் என்று சொன்னீர்களே, அதுவும் முக்கியம். சர்க்கரை நோய் இரண்டு பாலருக்குமே இதய ஆபத்தைக் கூட்டுகிறது, ஆனால் பெண்ணுக்கு அது கூட்டுகிற அளவு ஆணைவிட அதிகம். புகையும் அப்படித்தான்.

பாலக்காட்டு_டாக்டர்

எதிர்க்கருத்து சொல்ல அனுமதி உண்டா? பொது மருத்துவன் நான். இதயத்துக்கு ஆண் பெண் கிடையாது, புரோட்டோகால் ஒன்றுதான். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்புக்கு ஸ்டாட்டின், ரத்தக் குழாயைத் திறப்பது. நேரத்துக்குச் செய்தால் இருவரும் பிழைப்பார்கள். எல்லாவற்றிலும் ஆண் பெண் என்று பிரித்துப் பேசி நர்ஸ்களைக் குழப்புவதைவிட, இசிஜியில் எஸ்டி எலிவேஷன், அதாவது பெரிய மாரடைப்பைக் காட்டுகிற கோடு உயர்வு, பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

சிசியூ_நைட்டூட்டி

டாக்டர், பாதி ஒத்துக்கொள்கிறேன். சிகிச்சை ஒன்றுதான், அது பெண்ணுக்குப் போய்ச் சேருவதில்தான் தகராறு. மீதிப் பாதிக்கு உடம்பே காரணம், அதை நர்ஸ் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. வார்டில் கைக்கு வருகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஹெபாரின், ரத்தம் உறையாமல் தடுக்கிற ஊசி. எடை பார்க்காமல் 5000 யூனிட் என்று பழக்கத்தில் ஏற்றுகிற இடங்கள் இன்னும் உண்டு. ரத்தக்கட்டியை மருந்தால் கரைக்கிற சிகிச்சையோடு கொடுக்கும்போது முதல் டோஸ் கிலோவுக்கு 60 யூனிட், உச்சம் 4000. நம் ஊரில் 45 கிலோ அம்மாவுக்கு 2700தான் வரும். கட்டியைக் கரைக்கிற டெனெக்டிப்ளேஸும் அப்படியே எடைக் கணக்குதான், 60 கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம். ஆஞ்சியோ, ஸ்டென்ட்டுக்குப் பிறகு ரத்தப்போக்கு பெண்களுக்கு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதில் ஒரு பங்கு எடையைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவதால் வருவது. படுக்கையோடு நகர்த்துகிற எடை மெஷின் இல்லாவிட்டாலும், வீட்டு மெஷின் ஒன்றாவது காஷுவாலிட்டியில் இருக்கட்டும்.

ட்ரோபோனின், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறுகிற புரதம். அதை மிக நுட்பமாக அளக்கிற ஹை சென்சிடிவ் கிட்டில் பெண்ணுக்கும் ஆணுக்கும் வரம்பு வேறு. அபோட் நிறுவனத்தின் ட்ரோபோனின் ஐ கிட்டில் லிட்டருக்குப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 34 நானோகிராம். லேப் ஒரே வரம்பை அச்சடித்துக் கொடுத்தால் 20 உள்ள பெண் ‘நார்மல்’ ஆகிவிடுவாள். உங்கள் லேபில் எந்த கிட், எந்த வரம்பு என்று கேளுங்கள்.

க்யூடி இடைவெளி, ஒரு துடிப்பில் இதயம் மின்னளவில் தயாராக எடுக்கும் நேரத்தை இசிஜியில் காட்டுவது. பெண்களுக்கு இயல்பிலேயே கொஞ்சம் நீளம். அதை மேலும் நீட்டுகிற மருந்துகளால் வரும் ஆபத்தான துடிப்புக் கோளாறும் அவர்களுக்கே அதிகம். இதயத் துடிப்புக்கான சோடலால் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசின், மனநல மருந்தான ஹாலோபெரிடால் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. பொட்டாசியம் குறைந்த நோயாளி என்றால் இன்னும் கவனம்.

கடைசியாக, ஆஞ்சியோவில் ‘அடைப்பு ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று வந்தால் மாரடைப்பே இல்லை என்று அர்த்தமாகாது. பெரிய அடைப்பு இல்லாமலே வருகிற மாரடைப்பு பெண்களில் அதிகம். ரத்தக் குழாயின் சுவர் தானாகக் கிழிவது ஒன்று, அதில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பிள்ளை பெற்ற இளம்பெண்களும் உண்டு. ‘டகோட்சுபோ’ என்று 1990இல் ஜப்பானியர்கள் பெயர் வைத்த, அதிர்ச்சியில் இதயம் பலூன் மாதிரி ஊதிப்போகிற நோய் இன்னொன்று. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘உனக்கு ஒன்றும் இல்லம்மா, டென்ஷன்’ என்று நர்ஸ் சொல்லிவிட்டால், அந்தம்மா அடுத்த முறை வலி வந்தால் வாயே திறக்க மாட்டார்.

பாலக்காட்டு_டாக்டர்

ஹெபாரின் விஷயம் நியாயம். எடை மெஷினை நாளைக்கே கேட்கிறேன். ட்ரோபோனின் வரம்பு ஒவ்வொரு கம்பெனி கிட்டுக்கும் மாறும், 16, 34 என்று யாரும் பொதுவாக மனப்பாடம் செய்துவிட வேண்டாம்.

இசிஜி_அக்கா

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் இசிஜி மெஷினோடு வாழ்க்கையை ஓட்டுகிறவள். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

நெஞ்சின் இடப்பக்கம் ஒட்டுகிற வி4, வி5, வி6 லீட் மூன்றும் மார்பகம் உள்ள பெண்ணுக்கு எங்கே வைப்பது? பாதிப் பேர் மார்பகத்தின் மேலேயோ, பிரா விளிம்பிலோ, கூச்சப்பட்டு ஓர் இடம் தள்ளியோ வைத்துவிடுகிறார்கள். லீட் ஒன்றிரண்டு விலா மேலே ஏறினால் படமே மாறிவிடும். இல்லாத பழைய மாரடைப்பு தெரியும், இருக்கிறது தெரியாமல் போகும். ஐந்தாவது விலா இடைவெளியை விரலால் எண்ணிப் பார்த்து, மார்பகத்தைப் புறங்கையால் மெல்லத் தூக்கி, அதன் அடியில் வைக்க வேண்டும். பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் இது வராது, ஏனென்றால் பொம்மைக்கு மார்பு தட்டை. முதலுதவியில் நெஞ்சை அமுக்கப் பழகுகிற பொம்மையும் அப்படித்தான். அமெரிக்காவில் பொது இடத்தில் இதயம் நின்று விழுந்தவர்களில் ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அக்கம்பக்கத்தவர் நெஞ்சை அமுக்கியிருக்கிறார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான்.

அடுத்தது துணி. நம் பக்கத்து வயதான அம்மாக்கள் சேலையில் வருவார்கள், ரவிக்கை ஊக்கு முன்னால். நடுவயதுக்காரர்கள் நைட்டியில், மேலே ஒரு துண்டு. நைட்டியைக் கீழிருந்து தூக்க வேண்டியிருக்கும், அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு போர்வையை முதலில் இடுப்பு வரை போர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். திரையை மூடுங்கள். கணவன், மகன் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், ஆனால் ‘இரண்டே நிமிஷம்’ என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டு. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், அந்தச் சண்டையிலேயே நேரம் போய்விடும். தோள் பக்கம் ஒதுக்கிவைத்தால் போதும், லீடில் படாமல் இருந்தால் சரி.

‘ஆம்பள டெக்னீஷியன்தான் இருக்கார், காலைல லேடி வந்து எடுப்பாங்க’ என்று ராத்திரி சொல்கிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். காலை வரைக்கும் இதயத் தசை காத்திருக்குமா? நைட் டூட்டியில் இருக்கிற ஒவ்வொரு நர்ஸுக்கும் இசிஜி எடுக்கத் தெரிய வேண்டும். ஆண் நர்ஸ் எடுத்தால் பக்கத்தில் ஒரு பெண் நிற்கட்டும், அவ்வளவுதான்.

சித்தூர்_சிஸ்டர்

இசிஜி அக்கா, நீங்களே வந்து எடுத்துவிடுங்கள் வகுப்பை! நான் டீ வாங்கித் தருகிறேன்.

பிரசவ_வார்டு

எங்களையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதய வகுப்பு என்றால் மெடிக்கல் வார்டுக்கு மட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிறகு ஐந்து மாதம் வரை இதயத் தசை பலவீனமாகிற ஒரு நோய் உண்டு, பெரிபார்டம் கார்டியோமயோபதி. பிள்ளை பெற்றவளுக்கு மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும், களைப்பும் யாருக்குத்தான் இல்லை? நான் ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: மல்லாந்து படுக்க முடிகிறதா? ராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சு விடுகிறாளா? ஆமாம் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று பாட்டிகள் சொல்வதை நர்ஸும் சொல்லக் கூடாது.

கர்ப்பத்தில் பிபி ஏறியவர்கள், சர்க்கரை வந்தவர்கள், இவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் பிபி ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கிற பிரீஎக்ளாம்ப்சியா வந்தவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிஸ்சார்ஜ் சீட்டில் அதை எழுதி, வருடா வருடம் பிபி, சர்க்கரை பாருங்கள் என்று சொல்லி அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஐம்பது வயதில் நெஞ்சடைப்பு என்று வருகிறவரிடம் ‘பிள்ளைத்தாச்சியா இருக்கும்போது பிபி இருந்ததா?’ என்று கேட்கிற காஷுவாலிட்டி நர்ஸை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெடுகிற ருமாட்டிக் வால்வு நோயையும் மறக்க வேண்டாம். மைட்ரல் வால்வு சுருக்கம் பெண்களுக்குத்தான் அதிகம், கர்ப்பத்தில்தான் பலருக்கு முதன்முதலாக வெளியே தெரிகிறது.

குப்பத்துக்காரன்

உட்காரச் சொன்னீர்கள், அதனால் ஒன்று கேட்கிறேன். நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான், ஆண். எல்லோரும் பெண் பக்கமே பேசுகிறீர்கள். ஆண்களுக்கென்று ஒன்றும் இல்லையா?

எங்கள் காஷுவாலிட்டியில் நெஞ்சு வலி என்று வந்த ஆணுக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கிற நைட்ரேட் மாத்திரை) வைப்பதற்கு முன், வயாகரா மாதிரி மாத்திரை போட்டீர்களா என்று கேட்க வேண்டும். வயாகராவில் இருக்கிற சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், அதே வகை டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கொடுத்தால் பிபி அடியோடு இறங்கிவிடும். மனைவி பக்கத்தில் நிற்கும்போது எந்த ஆள் ஆமாம் என்பான்? பெண் நர்ஸ் கேட்கக் கூச்சப்படுகிறார். மச்சானோ மாமனாரோ கூட வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இசிஜி_அக்கா

அருமை. திரையை மூடி உறவுக்காரர்களை வெளியே அனுப்புகிற அந்த இரண்டு நிமிடத்திலேயே இதையும் கேட்டுவிடலாமே. இசிஜி எடுக்கும்போது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி மாதிரிக் கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். பெண்களிடமும் கேளுங்கள், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு அதே சில்டெனாஃபில்தான் கொடுக்கிறார்கள்.

வழிப்போக்கி

திருநர் நோயாளிகளைப் பற்றி ஒரு வரியாவது சேருங்கள் சிஸ்டர். 2015இலேயே திருநர் கொள்கை கொண்டுவந்த மாநிலம் கேரளம், ஆனால் எந்த வார்டில் படுக்கவைப்பது என்று பேசியே நேரம் கடத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எடுக்கிறாரா என்று தனியாக, மரியாதையாகக் கேளுங்கள், ரத்தக்கட்டி ஆபத்து அதில் இருக்கிறது. இசிஜி முதலில், வார்டு பிறகு.

பாலக்காட்டு_டாக்டர்

எல்லாம் சரி. ஆனால் வகுப்பு எடுத்தால் மட்டும் நோயாளி பிழைப்பாரா? கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் 21,374 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. செக்லிஸ்ட், பயிற்சி, மாதாமாதம் கணக்குப் பார்த்துச் சொல்வது எல்லாம் கொடுத்தார்கள். மருந்து எழுதுவது போன்ற நடைமுறைகள் மேம்பட்டன. 30 நாளில் வந்த இறப்பு, மறு மாரடைப்பு போன்றவற்றில், காலப்போக்கில் தானாக வந்த மாற்றத்தைக் கழித்துப் பார்த்தால், வித்தியாசம் ஒன்றும் நிற்கவில்லை. மனசைத் தளர விடுவதற்காகச் சொல்லவில்லை.

சிசியூ_நைட்டூட்டி

மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு நடப்பதைத்தான் அந்த ஆய்வு மாற்றப் பார்த்தது. வாசலில் தவறுகிறவரை, அந்தத் தம்பியின் அம்மா மாதிரி ஊசியோடு வீட்டுக்குத் திரும்புகிறவரை, அது எண்ணவே இல்லையே. அங்கேதான் நர்ஸ் நிற்கிறாள்.

அதனால் சிஸ்டர், வகுப்பு முடிந்ததும் தேர்வு வைக்காதீர்கள். தாடை வலி, முதுகு வலி என்று எல்லோரும் சரியாக எழுதி நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். காஷுவாலிட்டி ரெஜிஸ்டரை எடுங்கள். நெஞ்சு வலி, மேல்வயிற்று எரிச்சல், மூச்சு முட்டல், மயக்கம் என்று வந்தவர்கள், ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர், வந்த நேரம் என்ன, இசிஜி எடுத்த நேரம் என்ன. இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். வகுப்புக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம். பெண்களின் பத்தியில் நேரம் குறைந்ததா, இசிஜி எடுக்காமலே அனுப்பியவர்கள் குறைந்தார்களா, அதை மட்டும் பாருங்கள்.

சித்தூர்_சிஸ்டர்

இதை எடுத்துக்கொள்கிறேன். ஆண் பெண் படம் போட்ட ஸ்லைடைத் தூக்கிவிட்டேன். இசிஜிக்கு இருபது நிமிடம், திரைக்குள் கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பத்து, எடையும் டோஸும் பத்து, பிரசவ வார்டு பத்து. மீதிப் பத்து நிமிடத்தில் எங்கள் ரெஜிஸ்டரையே காட்டலாம் என்று இருக்கிறேன்.

இன்றைக்கு உட்கார்ந்து போன மாதத்துப் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு சிக்கல். வந்த நேரம் ரெஜிஸ்டரில் இருக்கிறது, இசிஜி நேரம் மெஷின் அடித்த தாளில் இருக்கிறது. சில தாள்களில் நோயாளி வருவதற்கு முன்பே இசிஜி எடுத்த மாதிரி நேரம் விழுந்திருக்கிறது!

இசிஜி_அக்கா

மெஷின் கடிகாரம் தப்பு. பேட்டரி இறங்கினால் அது தன் இஷ்டத்துக்கு ஓடும், பல இடத்தில் வருஷமே தப்பாக இருக்கும். பழைய மாதத்தை விட்டுவிடுங்கள், கணக்குக்கு உதவாது. இன்றைக்கே செட்டிங்ஸில் போய் நேரத்தைச் சரிசெய்து, காஷுவாலிட்டிச் சுவர்க் கடிகாரத்தையும் அதோடு ஒத்து வையுங்கள். திங்கள்தோறும் காலை ஷிஃப்ட் சார்ஜ் அதைச் சரிபார்க்கட்டும். வகுப்பை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

சித்தூர்_சிஸ்டர்

கேட்டேன், தள்ளிவைத்துவிட்டார்கள். கடிகாரம் 47 நிமிடம் பின்னால் இருந்தது.